பாதிப் படம்

சுங்கச்சாவடியில் ஏழாம் நம்பர் கூண்டு என்னுடையது.
இரவு பத்துக்கு மேல்
பெங்களூர் லாரிகள் கண்ணாடியை இறக்குவதில்லை.
ஒட்டிய வில்லையைப் பார்த்ததும்
தடுப்பே தலையைத் தூக்கிக்கொள்ளும்.
வில்லை வேலை செய்யாத வண்டிக்குத்தான் நான்.
மணிக்கு இரண்டு அப்படி வரும்.
செல்போன் கூடாதென்று பலகை இருக்கிறது,
அதற்குக் கீழேதான் சார்ஜர்.

மீதி நேரமெல்லாம் நாங்கள் நாலு பேர்
கண்டுபிடித்தவர்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம்.

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு இல்லை, ஒரே அரியர்.
பாழாய்ப்போன அந்தப் பேப்பரை
மூன்றாம் தடவை எழுதி வெளியே வந்த மதியம்
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் தொடங்கிய குழு.
படம் மட்டும் போடணும், எழுத்து கூடாது.

சிவபாக்கியம் முதலில் போட்டது:
அதே பேப்பரின் மதிப்பெண் பட்டியல், பக்கத்தில் ஒரு சாக்கு.
மார்க், கோணி.
மூன்று சுழி ணகரத்தை ரேடியோக்காரர் மன்னிப்பாரா என்று
ஒன்றரை மணி நேரம் சண்டை.
திம்மராஜ் வீட்டில் தெலுங்கு, அங்கே அது கோனெ.
நஸ்ரீன் வீட்டில் போரி.
'அப்போ எங்க வீட்டு ரேடியோ மார்க்போரி' என்றாள்.
அன்றிலிருந்து அவள் பெயரே அது.

டீ டம்ளரும் செல்போனும் வந்த இரவு
கூண்டைத் தாண்டிப் போன ஒவ்வொரு லாரியும்
விடையைப் புகையாக விட்டுக்கொண்டே போனது.
எனக்குத்தான் நாற்பது நிமிடம் ஆனது.

திம்மராஜுக்கு ஜெகதேவிப் பக்கம் கல்குவாரியில் கணக்கு வேலை.
பழைய பஸ் பாஸின் மேல் கருங்கல் துண்டு வைத்து
பாஸ்கல் என்பான்.
ஒரு நாள் அவன் அனுப்பியது
ஏழு மாதப் பையனின் திறந்த வாய்.
ஈறு, எச்சில், வேறொன்றுமில்லை.
பசி, சிரிப்பு, கொட்டாவி என்று என்னென்னவோ சொன்னோம்.
'நோ பல்!' குரல் பதிவில் கத்தினான்.
அதே பதிவில், தூரத்தில்,
மூன்று மணி வெடி.
அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நஸ்ரீனுக்குத் தன் கிரகாம் பெல்தான் பெருமை.
ஓசூர் ஹாஸ்டல் கட்டிலின் மேல்
தட்டில் ஒரு சாத்துக்குடி, அதைச் சுற்றி அவள் வளையல்.
சனிக் கிரகமாம்.
பக்கத்தில் ஒரு பித்தளை மணி.
ஒன்பது செகண்டில் சொல்லிவிட்டோம்,
ரெண்டு நாள் பேசவில்லை.

ஆடி முழுக்க மார்க்போரியிடமிருந்து படம் இல்லை.
கம்பெனியில் ஒரு லைனை நிறுத்திட்டாங்களாம் என்றான் திம்மராஜ்,
யாரோ சொன்னதாக.
நாங்கள் போட்டுக்கொண்டேயிருந்தோம்.
பார்த்தவர்கள் பட்டியலில் மட்டும் அவள் இருந்தாள்.

பிறகொரு இரவு, இரண்டு நாற்பதுக்கு,
மணி.
அதே பித்தளை மணி. அது மட்டும்.

'கிரகம் எங்கே?'
'பாதிதான் ஏறியிருக்கு, அங்க நெட் இல்ல போல.'
'பழைய புதிர் செல்லாது.'
பாதிக்குப் பாதி மார்க் என்று நானும் தட்டினேன்.
அனுப்புவதற்குள் சூளகிரிப் பக்கமிருந்து ஒரு லாரி,
தக்காளி, வில்லை படிக்கவில்லை.
ஸ்கேனரைத் தேய்த்தேன். மறுபடி தேய்த்தேன்.
டிரைவர் கண்ணாடியை இறக்கினார்:
'இதுகிட்ட என்ன கேக்கறீங்க மேடம்,
ஆபீசுக்கு ஒரு போன் அடிங்க.'

அடிங்க.

கையிலிருந்த படத்தைப் பார்த்தேன்.
மணியை வேறென்ன செய்வார்கள்?

தடுப்பைக் கையாலேயே தூக்கி அவரை அனுப்பிவிட்டு
பலகைக்குக் கீழே நின்று அடித்தேன்.
இரண்டாவது மணியில் எடுத்தாள்.
பேசவில்லை.
அந்தப் பக்கம் யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கும் சத்தம்,
இந்தப் பக்கம் பதினாறு சக்கரம்.
'ம்' என்றேன்.
கொஞ்சம் கழித்து அவளும் 'ம்' என்றாள்.

குழுவில் இன்னும்
கிரகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.